பொடிக்கல் பாவுவது எப்படி: புதிதாகப் பட்டறையில் உட்காருகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறைதான் என் பட்டறை. ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் கல்யாண வேலை வந்து குவியும். அதே சமயத்தில் "கல் வைக்கக் கத்துக்கணும்ணா, எத்தனை நாள் ஆகும்?" என்று யாராவது வந்து நிற்பார்கள். ஓசூரில் டைட்டனின் நகைத் தொழிற்சாலை வந்த பிறகு, நகை வேலை என்பது ஆசாரி வீட்டுப் பிள்ளைகளோடு நிற்கிற வேலை இல்லை என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் வீடியோ பார்த்துவிட்டு வருகிறார்கள். வீடியோவில் கல்லை வைப்பதைத்தான் காட்டுவார்கள். ஒன்பது கல் வைத்த ஒரு சின்ன சதுரத்தை எடுத்துக்கொண்டால், கல்லை வைத்து மடக்குவது அரைமணி வேலை. அதற்கு முன்னால் கோடு போட்டு, துளை போட்டு, கல் உட்காரும் இடத்தைச் செதுக்குவது புதியவருக்கு ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் பெயர். பொடிக்கற்களை இடைவெளி தெரியாமல் நெருக்கி நெருக்கிப் பதிப்பதைப் பட்டறையில் பாவே என்பார்கள். பிரெஞ்சுச் சொல். கல் பாவிய தெரு என்று பொருள். நாமும் தரைக்குக் கல் பாவுவது என்றுதான் சொல்கிறோம். ஒலி ஒத்து வருவது தற்செயல்தான், ஆனால் சொல்லிக்கொடுக்க எனக்கு வசதியாக இருக்கிறது. கிரானைட் குவாரி உள்ள மாவட்டம் இது. கல் பாவுகிற கொத்தனார் முதலில் மட்டம் பார்ப்பார், நூல் கட்டுவார், அப்புறம்தான் கல்லைத் தொடுவார். நம் வேலையும் அதே வரிசைதான், அளவு மட்டும் மில்லிமீட்டரில்.

என் தாய்மாமன் செய்தது வேறு வேலை. கெம்புக்கல் வைத்த அட்டிகை, ஏழுகல் தோடு, பேசரி. அதெல்லாம் மூடிய கட்டு. கல்லுக்குக் கீழே அரக்கு, அதன்மேல் பளபளக்கும் தாள், சுற்றிலும் மெல்லிய தங்கத்தை அழுத்திக் கல்லைப் பிடிக்க வைப்பார். வெளிச்சம் முன்னால் போய், தாளில் பட்டு, முன்னாலேயே திரும்பி வரும். பாவே திறந்த கட்டு. கல்லுக்குக் கீழே துளை நேராகப் பின்பக்கம் போகும். தாளும் கிடையாது, கல்லுக்கடியில் அரக்கும் கிடையாது. கல் தானாக மின்ன வேண்டும், சுற்றியுள்ள உலோகத்திலிருந்து எழுப்பிய சின்னச் சின்ன மொட்டுகள்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பீட் என்று சொல்லும் அந்தத் துளியை நாங்கள் மொட்டு என்போம். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

என்னென்ன வாங்க வேண்டும்

பட்டியலைப் பார்த்து மிரண்டுவிட வேண்டாம். தொங்கும் மோட்டார் ஒன்று, அல்லது மைக்ரோமோட்டார். காலால் வேகம் கூட்டிக் குறைக்கிற பெடல் கட்டாயம். டிரில் பிட், மோட்டாரில் மாட்டி உலோகத்தைச் செதுக்கும் பர் இரண்டு வகை: உருண்டை பர், செட்டிங் பர். கடைசியாகச் சொன்ன பர்ரின் நுனி கல்லின் அடிப்பாகம் மாதிரியே கூம்பாக இருக்கும். டிஜிட்டல் கேலிப்பர், கூர்முனைக் கவராயம், நல்ல சாமணம், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப், தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி. மொட்டை உருட்டுவதற்குப் பீடிங் டூல் ஒரு செட். இதெல்லாம் பெங்களூரு நகரத்பேட்டையில் ஒரே நாளில் வாங்கிவிடலாம். காலை பஸ் பிடித்தால் மாலைக்குள் வீடு. முதல் தடவையே விலை கூடிய பர் வாங்காதீர்கள். எப்படியும் நாலைந்தை உடைப்பீர்கள்.

காசு போட வேண்டியது உளியில். கிரேவர் என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு போதும். நுனி குவிந்து கத்திபோல இருக்கிற ஒன்று, தட்டையான ஒன்று. கடையில் வாங்கும் உளி அப்படியே உதவாது. பிடியைப் போட்டு உள்ளங்கையில் வைத்தால் கட்டைவிரல் நுனிக்கு வெளியே ஒன்றரை, இரண்டு செ.மீ. மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். மிச்சத்தை வெட்டிவிடுங்கள். முகத்தை 45 டிகிரி சாய்வில் எண்ணெய்க்கல்லில் தீட்டுங்கள். தீட்டியது போதுமா என்று பார்க்க மாமா காட்டிய வழி, நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக வைப்பது. வழுக்கினால் மழுங்கல். ஒட்டிக்கொண்டு நின்றால் கூர். இந்தச் சோதனையை நாளைக்கு இருபது தடவை செய்வீர்கள். மழுங்கிய உளிக்குத்தான் பலம் கொடுக்க வேண்டியிருக்கும், பலம் கொடுக்கும்போதுதான் வழுக்கும், வழுக்கினால் இடதுகைக் கட்டைவிரலில் போய் நிற்கும். என் விரலில் மூன்று தழும்பு இருக்கிறது. மூன்றும் "இன்னும் ரெண்டு கல்தானே, அப்புறம் தீட்டிக்கலாம்" என்று நினைத்த நேரத்தில் விழுந்தவை.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் மோட்டாரைத் தொடக் கூடாது. பர் உடைந்தால் துண்டு எங்கே பறக்கும் என்று தெரியாது.

பழகுவதற்கு என்ன கல், என்ன தகடு

வைரத்தில் பழகுகிறேன் என்று யாரும் வரமாட்டார்கள். ஏ.டி. என்று சொல்லும் அமெரிக்கன் டைமண்ட் வாங்குங்கள். 2 மி.மீ. வட்டக்கல், ஒரு பாக்கெட். நிஜ வேலையில் 1 முதல் 1.5 மி.மீ. வரைதான் அதிகம் வரும், ஆனால் கை பழகும்வரை 2 மி.மீ.க்குக் கீழே இறங்காதீர்கள். கல்லை எப்போதும் மில்லிமீட்டரில் கேளுங்கள், எடையில் கேட்காதீர்கள். 2 மி.மீ. வைரம் ஏறக்குறைய 3 சென்ட், அதாவது 0.03 காரட். அதே அளவு ஏ.டி. கல் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் எடை இருக்கும். சென்ட் கணக்கை வைத்து ஏ.டி. கல் வாங்கினால் கல் சிறியதாக வந்து சேரும்.

தகட்டுக்கு முதலில் பித்தளை. துளை போட்டுப் பழக அது போதும், சுத்தமாக வெட்டும். செம்பு வேண்டாம், பர்ரில் ஒட்டிக்கொண்டு இழுக்கும். மொட்டு எழுப்பும் கட்டத்துக்கு வந்ததும் 925 வெள்ளிக்கு மாறுங்கள். கனம் 1.5 மி.மீ. இந்தக் கனத்துக்குக் காரணம் இருக்கிறது. வட்டக்கல்லின் மொத்த உயரம் விட்டத்தில் சுமார் 60 சதவீதம். 2 மி.மீ. கல் என்றால் 1.2 மி.மீ. உயரம். கல்லின் முகம், அதாவது மேலே உள்ள தட்டைப் பரப்பு, தகட்டோடு மட்டமாக உட்கார வேண்டும் என்றால் அந்த உயரம் முழுவதும் தகட்டுக்குள் இருக்கும். தகடு 1 மி.மீ.தான் என்றால் அடிமுனை பின்பக்கம் எட்டிப் பார்க்கும். மோதிரமாக இருந்தால் விரலைக் குத்தும்.

பாக்கெட்டில் 2.0 என்று எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். கொட்டி, ஒவ்வொன்றாகக் கேலிப்பரில் பிடித்துப் பாருங்கள். 1.95 இருக்கும், 2.05 இருக்கும். எனக்கு இந்தப் பாடம் வீட்டிலேயே கிடைத்தது. வேலை பழகி இரண்டாவது வருடம், அக்கா மகள் கல்யாணத்துக்கு 22 காரட்டில் தோடு செய்து, 1.3 மி.மீ. கல் பதித்தேன். அளந்து பார்க்கவில்லை. முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தபோது ஒரு கல் இல்லை. மறுவீட்டுக்குப் போன இடத்தில் இன்னொன்று. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, மாமாதான், "கல்லை அளந்தியாடா?" என்று ஒரே கேள்வி கேட்டார். விழுந்த இரண்டு கல்லும் மற்றதைவிடச் சிறியவை. துளை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. இன்றுவரை பாக்கெட் வந்தவுடன் மூன்று கிண்ணத்தில் பிரித்துவிடுகிறேன்.

கோடு போடுதல்

இங்கே அவசரப்படாதீர்கள். இரண்டு வகையாக அடுக்கலாம். சதுரக்கட்டம் ஒன்று, தேன்கூடு மற்றொன்று. தேன்கூட்டில் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையின் இடுக்கில் விழும். கல் நெருக்கமாகத் தெரியும், பார்க்க அழகு. எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள். நான் கொடுப்பதில்லை. காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

2 மி.மீ. கல். இரண்டு கல்லுக்கு நடுவே 0.2 மி.மீ. இடைவெளி. அப்படியானால் ஒரு கல்லின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்ததன் நடுப்புள்ளி 2.2 மி.மீ. சதுரக்கட்டத்தில் நான்கு கல் சேரும் மூலையில் ஒரு தீவு மாதிரி உலோகம் மிஞ்சும். அதன் நடுவில் சுமார் 1.1 மி.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் போடலாம். தேன்கூட்டில் மூன்று கல் சேரும் இடத்தில் மிஞ்சும் தீவில் 0.54 மி.மீ. வட்டம்தான் அடங்கும். பாதி. மொட்டு எழுப்ப உலோகம் அந்தத் தீவில் இருந்துதான் வர வேண்டும். கை நடுங்குகிற காலத்தில் எதற்குப் பாதி உலோகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்? சதுரத்தில் தொடங்குங்கள். தேன்கூட்டுக்கு வரும்போது வரிசைக்கும் வரிசைக்கும் தூரம் 2.2 இல்லை, 1.9 மி.மீ. என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதல் பயிற்சி மூன்றுக்கு மூன்று, ஒன்பது கல். கல் இருக்கும் பரப்பு 6.4 மி.மீ. ஓரத்தில் எல்லாப் பக்கமும் 0.5 மி.மீ. விட்டால் 7.4 மி.மீ. சதுரம். தகட்டில் இதை வரைய, மேற்பரப்பை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிவிட்டுக் கவராயத்தால் கீறினால் கோடு வெள்ளையாகத் தெரியும். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் போங்கள். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் சிறுசிறு பிழை எல்லாம் சேர்ந்து கடைசி வரிசையில் வந்து விழும்.

நிஜ வேலையில் இடம் இப்படிச் சுளுவாக அமையாது. உதாரணத்துக்கு 10 மி.மீ. நீளத்தில் ஒரு வரிசை. ஓரத்துக்கு 0.4 வீதம் கழித்தால் 9.2 மிச்சம். 1.5 மி.மீ. கல்லை 0.15 இடைவெளியில் வைத்தால் ஐந்து கல்லுக்கு 8.1 போகும். 1.1 மி.மீ. சும்மா கிடக்கும். ஆறாவது கல்லைத் திணித்தால் இடைவெளி 0.04 ஆகிவிடும், துளைக்கும் துளைக்கும் நடுவே சுவரே இருக்காது. புதியவர்கள் இங்கே ஐந்து கல்லையே கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வைத்து ஒப்பேற்றப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் கல்லை விட உலோகம்தான் கண்ணுக்குத் தெரியும். 1.4 மி.மீ. கல்லுக்கு மாறுங்கள். ஆறு கல், இடைவெளி 0.16, கச்சிதமாக உட்காரும். கல் இடத்துக்கு ஒத்துவராவிட்டால் கல்லைத்தான் மாற்ற வேண்டும். கல்லை வாங்குவதற்கு முன்னாலேயே காகிதத்தில் கணக்குப் போட்டுவிட்டால் கடைக்கு இரண்டாவது தடவை போக வேண்டாம்.

மோதிரம் மாதிரி வளைந்த பரப்பில் இன்னொரு சிக்கல். மேலே கற்கள் விலகி நிற்கும், உள்ளே அடிமுனைகள் ஒன்றையொன்று நெருங்கும். அதனால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒவ்வொரு துளையும் அந்த இடத்துப் பரப்புக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். மோதிரத்தை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் துளைத்தால் ஓரத்துக் கற்கள் சாய்ந்து நிற்கும்.

அரக்கில் பிடிப்பு

கையில் பிடித்துக்கொண்டு செய்ய முடியாது. ஒரு மரக்குச்சியின் தலையில் அரக்கை உருக்கி மேடாக்கி, இளகியிருக்கும்போதே தகட்டைப் பதியுங்கள். பக்கவாட்டிலும் அரக்கு கொஞ்சம் ஏறிப் பிடித்திருக்க வேண்டும். தகட்டையும் லேசாகச் சூடு செய்தால்தான் ஒட்டும், குளிர்ந்த உலோகத்தில் அரக்கு பேருக்குத்தான் ஒட்டியிருக்கும், உளி பட்டதும் தகடு தெறித்துவிடும். வேலை முடிந்து மிச்சம் ஒட்டிய அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஸ்பிரிட் டப்பாவை ஊதுகுழல் பக்கத்தில் வைக்காதீர்கள்.

துளையும் இருக்கையும்

ஒவ்வொரு நடுப்புள்ளியிலும் முதலில் சின்ன உருண்டை பர்ரால் ஒரு குழி. இல்லையென்றால் டிரில் பிட் நழுவி ஓடும். அப்புறம் கல்லின் விட்டத்தில் பாதி அளவு பிட். 2 மி.மீ. கல்லுக்கு 1 மி.மீ. பிட், பின்பக்கம் வரை முழுத்துளை. வெளிச்சம் வர மட்டும் இல்லை, பின்னாளில் சேரும் சோப்பும் அழுக்கும் வெளியே போகவும் அந்தத் துளைதான் வழி. ஒன்பதையும் துளைத்துவிட்டு நிறுத்துங்கள். லூப்பில் பாருங்கள். வரிசை கோணியிருந்தால் இப்போதே திருத்தலாம், உருண்டை பர்ரைக் கொண்டு துளையின் வாயை வேண்டிய பக்கம் கொஞ்சம் இழுக்கலாம். அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டால் திருத்தம் கிடையாது.

இப்போது 1.8 உருண்டை பர்ரால் வாயைக் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டு, செட்டிங் பர். கல் 2.0 என்றால் நான் 1.9 பர் எடுப்பேன். சுற்றும்போது பர் மயிரிழை ஆடும், துளை தன்னால் 2.0க்குப் பக்கத்தில் வந்துவிடும். வேகம் குறைவாக. பர்ரை அடிக்கடி தேன்மெழுகில் தொட்டு எடுங்கள், வெள்ளி கடிக்காது. இரண்டு சுற்று சுற்றியதும் எடுத்து, கல்லை வைத்துப் பாருங்கள். மறுபடி இரண்டு சுற்று. மறுபடி கல். சலிப்பாகத்தான் இருக்கும்.

எங்கே நிறுத்துவது? கல்லின் முகம் தகட்டோடு மட்டமாக நிற்க வேண்டும். நகத்தைத் தகட்டிலிருந்து கல்லின்மேல் இழுத்தால் மேடும் தட்டக் கூடாது, பள்ளமும் தெரியக் கூடாது. கல்லின் மிக அகலமான விளிம்பை இடுப்பு என்போம். 2 மி.மீ. கல்லில் இடுப்புக்கும் முகத்துக்கும் சுமார் 0.3 மி.மீ. உயரம். அந்த 0.3தான் மொட்டு மடங்கி இடுப்பைப் பிடிப்பதற்கு நமக்குக் கிடைக்கும் உலோகம். கல் மேலே நின்றால் மொட்டு எட்டாது. ஆழமாகப் போய்விட்டால் கிணற்றுக்குள் நட்சத்திரம் பார்ப்பதுபோல இருக்கும், திருத்தவும் முடியாது. ஆழம் குறைந்தால் இன்னும் ஒரு சுற்று சுற்றலாம். ஆகவே சந்தேகம் வந்தால் கொஞ்சம் மேலேயே நிறுத்துங்கள்.

ஒன்பதும் முடிந்த பிறகு எல்லாக் கல்லையும் எடுத்துவிட்டு, துளைகளின் உள்பக்கத்தை நூல் பாலிஷ் போடுங்கள். நூலில் ரூஜ் என்னும் பாலிஷ் பொருளைத் தடவித் துளைக்குள் விட்டு இழுப்பதுதான். கல் உட்கார்ந்த பிறகு அங்கே எதுவும் நுழையாது.

மொட்டு

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் பழக வருகிறாள். அதற்கு முன் ஆரி வேலை செய்தவள். பாசிமணியை ஊசியில் கோத்த கை, அதனால் தேன்மெழுகு உருண்டையால் கல்லைத் தொட்டெடுத்துக் குழியில் வைப்பதை முதல் நாளே பிடித்துக்கொண்டாள். மொட்டில்தான் ஒரு மாதம் நின்றாள்.

கல் வைப்பதற்கு முன்னால், குவிந்த உளியை எடுத்து, துளை வரிசைகளுக்கு நடுவே நெடுக்கில் ஒரு கோடு, குறுக்கில் ஒரு கோடு வெட்டுங்கள். மைசூர்பாகுத் தட்டில் வில்லை போடுவோமே, அப்படி. ஒரே மூச்சில் ஆழமாக வேண்டாம். மூன்று, நான்கு தடவையில், கல் இடுப்பு இருக்கும் ஆழத்துக்குக் கொஞ்சம் மேலேவரை. உளியைப் பிடித்த கையின் கட்டைவிரல் தகட்டிலோ அரக்கிலோ ஊன்றியிருக்க வேண்டும். அதுதான் பிரேக். இப்போது நான்கு கல் சேரும் இடத்திலுள்ள தீவு நான்கு சின்னத் தூணாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு தூணும் ஒரு கல்லுக்குச் சொந்தம். ஒரு கல்லுக்கு நான்கு மூலையிலும் நான்கு தூண். ஓரத்தில் இருக்கும் தூண்களுக்கு வெளிப்பக்கமும் இதே மாதிரி ஒரு கோடு வெட்டிப் பிரிக்க வேண்டும்.

கல்லை வையுங்கள். பித்தளைக் குச்சியால் முகத்தை மெதுவாக அழுத்தினால் க்ளிக் என்று ஒரு சின்ன அசைவோடு உட்காரும், விரலில் தெரியும். அப்புறம் ஒரு தூணின் பின்பக்கத்தில் உளியின் நுனியை ஊன்றி, கல் பக்கமாக மெல்லத் தள்ளுங்கள். தூண் சாய்ந்து இடுப்பின்மேல் படியும். அடுத்தது பக்கத்துத் தூண் இல்லை, நேர் எதிர் மூலை. இங்கேதான் அந்தப் பெண் தடுமாறினாள்.

"அண்ணா, கல்லு ஒரு பக்கம் ஏறி நிக்குது."

"எந்த மூலைய முதல்ல அமுக்கின?"

"மேல இருக்கற ரெண்டையும்."

"அதான். எதிரெதிர் மூலையா போம்மா. லாரி டயருக்கு நட்டு முடுக்கறாங்க இல்ல, அந்த மாதிரி."

அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். உடனே புரிந்தது.

நான்கும் மடிந்ததும் பீடிங் டூல். நுனியில் கிண்ணம் மாதிரி குழி இருக்கும். மொட்டின்மேல் நிறுத்தி, லேசாக அழுத்தியபடி பிடியைச் சின்ன வட்டமாகச் சுற்றினால் தூணின் தலை உருண்டு மொட்டாகும். அளவு முக்கியம். டூல் பெரிதாக இருந்தால் கிண்ணத்தின் விளிம்பு கல்லில் இடிக்கும். சிறியதாக இருந்தால் மொட்டைச் சுற்றி வட்டமாக வெட்டிவிடும், கொஞ்ச நாளில் மொட்டே உதிரும். செட்டில் பக்கத்துப் பக்கத்து எண்களை எடுத்து வெறும் தகட்டில் முயன்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏ.டி. கல்லின் விளிம்பு சுலபமாகச் சில்லாகும். அழுத்தம் மொட்டின் நடுவில் இருக்க வேண்டும், கல் பக்கமாகச் சாயக் கூடாது.

கல் உடைந்தால் பதற வேண்டாம். மொட்டுகளை உளி நுனியால் பின்னுக்கு நெம்பி, பின்துளை வழியாக ஊசியால் தள்ளினால் வெளியே வந்துவிடும். ஆனால் ஒரு மொட்டை இரண்டாவது தடவை நிமிர்த்தினால் அது பலவீனம். மூன்றாவது தடவை ஒடியும். வாடிக்கையாளர் நகையில் அப்படி ஒடிந்தால் லேசர் வெல்டிங் வைத்திருக்கும் கடைக்கு ஓட வேண்டியதுதான்.

ஓரம்

கற்களைச் சுற்றி வெளிவரம்பில் தட்டை உளியால் ஒரே இழுப்பாகச் சாய்வு வெட்டினால் அந்த முகம் கண்ணாடி மாதிரி மின்னும். உளியின் அடிமுகத்தைப் பாலிஷ் செய்து பளபளப்பாக்கிவிட்டு வெட்ட வேண்டும், உளியில் உள்ள கீறல் அப்படியே வெள்ளியில் விழும். இது இல்லாமலும் நகை நிற்கும். முதல் பத்துத் துண்டுக்கு இதை விட்டுவிடுங்கள்.

தேர்வு

முடிந்தது என்று நினைத்ததும் லூப்பில் ஒவ்வொரு கல்லாகப் பாருங்கள். மொட்டுக்கும் கல்லுக்கும் நடுவில் கறுப்புக் கோடு தெரிந்தால் அங்கே பிடிப்பு இல்லை. ஊசி நுனியால் இடுப்பை ஓரமாகத் தள்ளிப் பாருங்கள், அசையக் கூடாது. அப்புறம் ஒரு பழைய பட்டுத்துணியை மேலே இழுங்கள். நூல் மாட்டினால் எங்கோ ஒரு மொட்டு முழுசாக உருளவில்லை. கல்யாணப் பட்டில் மாட்டுவதற்கு முன்னால் பட்டறைப் பட்டில் மாட்டட்டும்.

அரக்கிலிருந்து எடுத்துக் கழுவ அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் அதில் போடுங்கள். அடியில் மெல்லிய வலை வையுங்கள், தளர்ந்த கல் இருந்தால் அங்கே விழும். அங்கே விழுவது நல்லது, பந்தியில் விழுவதைவிட. மரகதம் பதித்த நகையை மட்டும் அந்தத் தொட்டியில் போடக் கூடாது. மரகதத்துக்குள் இயற்கையாகவே விரிசல்கள் இருக்கும், அதிர்வில் பெரிதாகும். உண்மையில் பழகும் காலத்தில் மரகதத்தைப் பாவேக்கு எடுக்கவே வேண்டாம். மாணிக்கமும் நீலமும் கடினத்தில் வைரத்துக்கு அடுத்தபடி நிற்பவை, அவை தாங்கும்.

தங்கத்துக்குப் போகும்போது

நம் ஊரில் நகை என்றால் 22 காரட்டுதான். ஆனால் பொடிக்கல் வேலைக்கு 18 காரட் ஏற்றது, அதாவது ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம். 916 தங்கம் மென்மை. மொட்டு சுலபமாக எழும், அதே சுலபத்தில் தேயவும் செய்யும். தோடு, மூக்குத்தியில் பரவாயில்லை. தினமும் பாத்திரம் தேய்க்கும் கையில் போடும் மோதிரத்துக்கு நான் 22 காரட் பாவே ஒத்துக்கொள்வதில்லை. "ஏன் கம்மியான தங்கத்துல செய்யறீங்க?" என்று சண்டைக்கு வருவார்கள். கல் எடையையும் தங்க எடையையும் ரசீதில் தனித்தனியாக எழுதிக் காட்டி, மொட்டு எவ்வளவு சிறியது என்று லூப்பில் காட்டினால் பெரும்பாலானவர்கள் சம்மதித்துவிடுகிறார்கள்.

பெரிய தொழிற்சாலைகளில் கணினியில் வரைந்து, மெழுகு மாதிரியிலேயே கல்லை வைத்து, கல்லோடு சேர்த்து வார்த்துவிடும் முறையும் உண்டு. வைரம், ஏ.டி., மாணிக்கம், நீலம் போன்றவை அந்தச் சூட்டைத் தாங்கும். அங்கே வேலைக்குப் போக நினைப்பவர்களும் கையால் ஐம்பது கல் பதித்துவிட்டுப் போனால், மெழுகில் கல் ஏன் சாய்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

கிளம்புவதற்கு முன்

மாலையில் மேசைக்குக் கீழே தொங்கும் தோலை உதறித் தூளைத் தனி டப்பாவில் போடுங்கள். வெள்ளித்தூளையும் தங்கத்தூளையும் கலக்காதீர்கள். பட்டறைக் குப்பையைக்கூட விலைக்கு எடுத்துப் போக ஆள் வருவார்கள். கடைசியாகக் கற்களை எண்ணுங்கள். காலையில் எத்தனை எடுத்தோம், பதித்தது எத்தனை, உடைந்தது எத்தனை, மிச்சம் எத்தனை. பாக்கெட்டின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒன்று குறைந்தால் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அடியுங்கள். கல் எங்கிருந்தாலும் மின்னும்.